பன்றிக்குப் போடும் ஊசியில் ஆளைக் காப்பது எது?

வெண்பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்கள் தடுப்பூசி பற்றிப் பேச்செடுத்தாலே "குட்டி சாகாமல் இருக்க எதைப் போடலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், முதல் போட்டவருக்கு அந்தக் கவலை இருக்கும். ஆனால் கொட்டில் கழுவுகிறவர், குட்டி ஈனும்போது கை கொடுக்கிறவர், வெட்டிக் கூறு போடுகிறவர் ஆகியோருக்குப் பன்றியிடமிருந்து நோய் தொற்றாமல் இருக்க எந்த ஊசி உதவும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கானது.

இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வராது. ஒரு தடுப்பூசி பன்றிக்கு நோய் வராமல் தடுக்கலாம். ஆனால் கிருமி பன்றியின் தொண்டையிலோ சிறுநீரகத்திலோ தங்கி, வெளியே வந்துகொண்டே இருக்கலாம். அப்படிப்பட்ட பன்றி பார்க்க நன்றாக இருக்கும், தீனி எடுக்கும், எடை ஏறும். அதைத் தொடுகிற ஆளுக்கு ஆபத்து அப்படியே இருக்கும். அதனால் ஒவ்வொரு ஊசியிடமும் நான் முதலில் கேட்பது, இது பன்றி கிருமியை வெளியேற்றுவதைக் குறைக்குமா என்பதுதான். விலை, எத்தனை தவணை என்பதெல்லாம் அப்புறம்.

இங்கே பேசப்போவது பாக்டீரியா நோய்களை மட்டும். பன்றிகளைக் கூண்டோடு கொல்லும் கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் ஒரு வைரஸ் நோய், மனிதருக்கு வராது. அதற்கான ஊசியை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது, அதில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. பன்றியில் பெருகிக் கொசு வழியாக நமக்கு வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் வைரஸ்தான், அதற்குக் குழந்தைகளுக்கே தடுப்பூசி போடுகிறோம். பாக்டீரியா பக்கம் பார்த்தால், பண்ணைக்காரர் முடிவெடுக்க வேண்டியவை ஐந்து: லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல், தோலில் சிவந்த படை எழுப்பும் எரிசிபெலஸ், மூளையுறைக் காய்ச்சல் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ், குடலைத் தாக்கும் சால்மோனெல்லா, சினை கலையச் செய்யும் புருசெல்லா.

எலிக்காய்ச்சல்: யோசிக்க வேண்டிய முதல் ஊசி

பெயரில் எலி இருப்பதால் பன்றியை யாரும் நினைப்பதில்லை. உண்மையில் இந்த நோயைத் தரும் லெப்டோஸ்பைரா (சுருக்கமாக லெப்டோ) கிருமியின் சில உள்வகைகளுக்குப் பன்றியே வீடு. பொமோனா, டராசோவி, பிராட்டிஸ்லாவா ஆகியவை அப்படிப்பட்டவை. எலியிலிருந்து வரும் இக்டெரோஹெமொர்ரேஜியே, நாய் வழியாக வரும் கேனிகோலா போன்றவையும் பன்றியைத் தொற்றும். சிறுநீரகக் குழாய்களில் குடியேறிய கிருமி மாதக்கணக்கில் மூத்திரத்தில் வந்துகொண்டிருக்கும். பெரும்பாலான பன்றிகளில் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. சினைக்காலத்தின் கடைசியில் சினை கலைவது, செத்துப் பிறக்கும் குட்டிகள், பிறந்தும் எழுந்து நிற்காத நோஞ்சான் குட்டிகள் என்று வரும்போதுதான் சந்தேகமே வரும்.

காலையில் கொட்டில் கழுவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று புரியும். ஓஸ் பைப்பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தித் தண்ணீரைப் பீய்ச்சி, கழிவையும் மூத்திரத்தையும் வாய்க்காலுக்குத் தள்ளுகிறார்கள். தரையில் அடித்த தண்ணீர் முழங்கால் வரை தெறிக்கிறது. மூலையில் பீய்ச்சினால் முகத்துக்கே வருகிறது. காலில் ரப்பர் செருப்பு, மடித்துக் கட்டிய லுங்கி, குதிகால் முழுக்க வெடிப்பு. லெப்டோ கிருமி சிராய்ப்பு, வெடிப்பு, நீரில் ஊறிய தோல் வழியாகவும், கண், வாய், மூக்கின் உட்சவ்வு வழியாகவும் உள்ளே போகும். அந்தக் கழுவலில் இத்தனை வழியும் திறந்தே கிடக்கிறது. பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகம் செயலிழப்பது, நுரையீரலில் ரத்தக்கசிவு வரை போகும், உயிரையே எடுத்துவிடும்.

இதற்குப் பன்றித் தடுப்பூசி இருக்கிறது. கொல்லப்பட்ட கிருமியால் ஆனது. பல நாடுகளில் சினையைக் கெடுக்கும் பார்வோ வைரஸ், எரிசிபெலஸ் இரண்டுக்குமான ஊசியோடு சேர்த்து, இனவிருத்திப் பன்றிகளுக்கான கூட்டு ஊசியாக விற்கிறார்கள். முதல் முறை போடும்போது மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கருச்சிதைவைத் தடுப்பதில் இந்த ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. ஆளைக் காப்பதில்?

இங்கே நியூசிலாந்தின் அனுபவம் முக்கியம். 1970களில் அந்த நாட்டில் எலிக்காய்ச்சல் பால்பண்ணைக்காரர்களின் தொழில் நோயாகவே இருந்தது, பன்றி வளர்ப்பவர்களும் தப்பவில்லை. மாடுகளுக்கும் பன்றிகளுக்கும் தடுப்பூசி பரவலான பிறகு பண்ணை ஆட்களிடம் நோய் வெகுவாகக் குறைந்தது. விலங்குக்கு ஊசி போட்டு மனிதரைக் காக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று லெப்டோ விஷயத்தில் எனக்குத் தெரியாது. கூடவே வேறொன்றும் தெரிந்தது. கிருமி தொற்றும் முன்பே, இளம் வயதிலேயே ஊசி போட்ட விலங்குகளில்தான் சிறுநீரகம் நன்கு காக்கப்பட்டது. ஏற்கெனவே கிருமி குடியேறிய சிறுநீரகத்தை ஊசியால் சுத்தப்படுத்த முடியாது. அதற்கு மருத்துவர் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு தடையும் உண்டு. லெப்டோ ஊசி உள்வகைக்கு ஏற்றபடிதான் காக்கும். பொமோனாவுக்கான ஊசி டராசோவியைத் தடுக்காது. உங்கள் பண்ணையில் சுற்றுவது எது என்று தெரியாமல் ஊசி வாங்கினால், பூட்டு எது என்று பார்க்காமல் சாவி வாங்கிய கதைதான். அதனால் ஊசிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. நுண்திரட்சிப் பரிசோதனை (எம்.ஏ.டி.) என்று கேட்டு அனுப்பலாம், எந்த உள்வகை என்பதற்கு ஒரு குறிப்பு அதில் கிடைக்கும். தமிழ்நாட்டில் மாதவரத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகம் பல காலமாக லெப்டோ சோதனை செய்துவருகிறது. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் மூலமாக மாதிரியை அனுப்புவது நல்லது. சினை கலைந்த பன்றிகளின் ரத்தம் மட்டும் போதாது. நன்றாக இருக்கும் நாலைந்து பன்றிகளின் ரத்தமும் சேர்ந்து போனால்தான் விடையை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

கிடைக்கும் விஷயத்தையும் சொல்ல வேண்டும். பன்றிக்கான லெப்டோ ஊசி நம் பக்கத்து மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருகிற பொருளாக இல்லை. மருத்துவர் மூலம் விசாரித்து, தேவையான அளவைச் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். அதற்காக நாய்க்கான லெப்டோ ஊசியைப் பன்றிக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்வகை வேறு, அளவு வேறு, பலன் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

ஊசிக்கு எதிரே நிற்கும் மற்ற வழிகள்

லெப்டோவுக்கு ஊசி ஒன்றுதான் வழி என்றால் முடிவு சுலபம். அப்படி இல்லை.

எலி ஒழிப்பை முதலில் எடுப்போம். நம் ஊர்ப் பண்ணைகள் பலவும் ஓட்டல், விடுதிக் கழிவை நம்பி ஓடுகின்றன. டிரம்மில் வந்த கழிவை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் சுற்று வட்டாரத்து எலிகளுக்கெல்லாம் அங்கேதான் சாப்பாடு. மூடி போட்டு வைப்பது, வந்த அன்றே கொதிக்க வைத்துப் போடுவது, தீனித் தொட்டியில் மிச்சம் கிடக்காமல் எடுப்பது. இவை எலியைக் குறைக்கும், கூடவே கழிவு வழியாகப் பரவும் வைரஸ் நோய்களையும் குறைக்கும். ஆனால் பொமோனா மாதிரி பன்றியிலிருந்து பன்றிக்குப் பரவும் உள்வகை பண்ணைக்குள் புகுந்துவிட்டால், எலி ஒழிப்பால் மட்டும் அது போகாது. இந்த வித்தியாசம் முக்கியம். பரிசோதனையில் எலி வகை தெரிந்தால் காசை எலி ஒழிப்பில் போடுங்கள், பன்றி வகை தெரிந்தால் ஊசியில் போடுங்கள்.

ஆளுக்கு மாத்திரை கொடுப்பது இரண்டாவது வழி. 1984-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பனாமாவில் பயிற்சி எடுத்த அமெரிக்க வீரர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்தபோது எலிக்காய்ச்சல் வெகுவாகத் தடுக்கப்பட்டது. 2018 வெள்ளத்தின்போது கேரள சுகாதாரத் துறை மீட்புப் பணியாளர்களுக்கு இதையே கொடுத்தது. சில வாரம் மட்டும் இருக்கும் ஆபத்துக்கு இது அருமையான வழி. வருடம் முழுக்கக் கொட்டில் கழுவுகிற ஆளுக்கு வருடம் முழுக்க ஆன்டிபயாடிக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். பண்ணையில் திடீரென்று வரிசையாகச் சினை கலைகிறது, ரத்தத்தில் லெப்டோ உறுதியாகிவிட்டது என்றால், அந்தச் சில வாரங்களுக்கு மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்கலாம்.

ஆளுக்கே தடுப்பூசி போடுவது மூன்றாவது. பிரான்ஸ், கியூபா, சீனா ஆகிய நாடுகளில் மனிதருக்கான லெப்டோ ஊசி உண்டு. பிரான்சில் சாக்கடைத் தொழிலாளர்களுக்குப் போடுகிறார்கள். நமக்கு இப்போது அந்த வாய்ப்பு இல்லாததால் இதை ஒதுக்கிவிடலாம்.

நான்காவது பூட்ஸ். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், கையுறை, கழுவும்போது கண்ணாடி. தரையைச் சாய்வாகப் போட்டு மூத்திரம் தேங்காமல் வடிய விடுவதும் இதோடு சேர்ந்ததுதான், ஏனென்றால் தேங்கிய ஈரத்தில்தான் லெப்டோ பிழைத்திருக்கும். காய்ந்தால் செத்துவிடும். ஒரு தாய்ப்பன்றி மந்தைக்கு வருடம் இரண்டு தடவை ஊசி போடும் செலவையும், ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூட்ஸ் எந்த உள்வகைக்கும் வேலை செய்யும். வாங்கிக் கொடுத்தும் போட மாட்டேன் என்கிறார்கள் என்று முதலாளிகள் குறைப்படுவது உண்டு. வெயிலில் அது வேகும் என்பது உண்மை. ஆனால் அளவு பார்க்காமல் ஒரே ஜோடியை வாங்கி மூன்று பேருக்குப் பொதுவாக வைத்தால் யார் போடுவார்கள்? ஆளுக்கொரு ஜோடி, அவரவர் அளவில் கொடுங்கள். கழுவும் வேலையை வெயில் ஏறும் முன் முடித்துக்கொள்ளுங்கள்.

எரிசிபெலஸ்: பன்றிக்கு நல்ல ஊசி

பாக்டீரியா தடுப்பூசிகளில் பழையவற்றுள் இதுவும் ஒன்று. 1882-83-ல் லூயி பாஸ்டரும் அவருடைய உதவியாளர் லூயி துய்லியேவும் பிரான்சின் தெற்கே இந்த நோயை ஆராய்ந்தார்கள். கிருமியை முயல்களுக்குள் மாற்றி மாற்றிச் செலுத்தினால் பன்றிக்கு அதன் வீரியம் குறைகிறது என்று கண்டு, அதையே தடுப்பூசியாக்கினார்கள். அடுத்த சில மாதங்களில், 1883-ல், காலராவை ஆராய எகிப்து போன துய்லியே அந்த நோயிலேயே இறந்துபோனார். அவர் காலத்திலிருந்து இன்றுவரை பன்றி வளர்ப்பவர்களுக்கு இந்த நோய்க்கான ஊசி கைகொடுத்து வருகிறது.

பன்றிக்கு இது கடுமையான நோய். திடீர்க் காய்ச்சல், தோலில் சாய்சதுர வடிவில் சிவந்து தடித்த படைகள், சிலவற்றுக்கு மூட்டு வீக்கம், சில ஒரே நாளில் செத்துவிடும். மனிதருக்கு வரும்போது பெரும்பாலும் விரலிலோ கையிலோ ஊதா கலந்த சிவப்பில் வீங்கி எரியும். வெட்டுகிறவர்களுக்கும் மீன் வேலை செய்கிறவர்களுக்கும் வரும். பென்சிலினில் கேட்கும். அரிதாக இதய வால்வு வரை போகும், அப்படிப் போனால் உயிருக்கே ஆபத்து.

ஊசி பன்றியின் நோயை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் நலமாகத் தெரியும் பன்றிகளின் தொண்டையின் டான்சில் சதையிலேயே இந்தக் கிருமி சாதாரணமாகக் குடியிருக்கும், ஊசி அதை முழுக்க வெளியேற்றாது. மீன், மண், மற்ற விலங்குகள் என்று வேறு வழிகளும் இதற்கு நிறைய உண்டு. அதனால் வெட்டுகிற ஆளின் கையைக் காக்க இந்த ஊசியை நம்பக்கூடாது, கையுறையைத்தான் நம்ப வேண்டும். அதேசமயம் ஊசி போட்ட மந்தையில் காய்ச்சலோடு வெட்டப்படும் பன்றி குறையும், அந்த வகையில் ஓரளவு ஆளுக்கும் நன்மைதான். சுற்று வட்டாரத்தில் இந்த நோய் வந்திருந்தால் பன்றியின் உயிருக்காகவே இதைப் போடுங்கள். உயிருள்ள கிருமி ஊசியாக இருந்தால் அந்த நாட்களில் பன்றிக்குப் பென்சிலின் போய்க்கொண்டிருக்கக் கூடாது. மருந்து ஊசியிலுள்ள கிருமியையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ்: ஊசியை நம்பி ஏமாறக்கூடாத இடம்

2005-ல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் இந்தக் கிருமி 200-க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது, 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நோயுற்ற அல்லது செத்த பன்றியைத் தங்கள் வீட்டிலேயே வெட்டியவர்கள். அரசு அவசரமாகத் தடுப்பூசி அனுப்பியது, நோயுற்ற பன்றியை வெட்டக்கூடாது என்று தடையும் போட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் நோய் அடங்கியதில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெட்டுவதை நிறுத்தியதுதான் பெரிதும் உதவியது என்பது என் கருத்து. காரணம், கிருமி ஆளிடம் போன பாதையே அதுதான்.

வியட்நாமில் பெரியவர்களுக்கு வரும் பாக்டீரியா மூளையுறைக் காய்ச்சலுக்கு முக்கியக் காரணம் இந்தக் கிருமி. அங்கே சமைக்காத பன்றி ரத்தத்தை உறைய வைத்துச் சாப்பிடும் வழக்கம் உண்டு. பிழைத்தவர்களிலும் பலருக்குக் காது கேட்காமல் போகிறது. நம் பக்கம் ரத்தத்தைப் பொரித்துத்தான் சாப்பிடுகிறோம் என்பதால் அந்த வழி நமக்கு இல்லை. வெட்டும்போது கையில் பட்ட கீறல் என்கிற வழி இருக்கிறது.

இந்தக் கிருமிக்கு ஏகப்பட்ட வகைகள். மனிதரை அதிகம் தாக்குவது இரண்டாம் வகை. ஒரு வகைக்கான ஊசி இன்னொன்றைத் தடுக்காது. குட்டி பிறக்கும்போதே தாயிடமிருந்து கிருமியை வாங்கிக்கொள்கிறது, ஊசி போடும் வயது வருவதற்குள் அது தொண்டையில் குடியேறிவிடும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றலும் ஊசி வேலை செய்வதைக் கெடுக்கும். அதனால் பல நாடுகளில் பண்ணையின் பன்றிகளிடமிருந்தே கிருமியைப் பிரித்தெடுத்து, அந்தப் பண்ணைக்கென்றே ஊசி தயாரிக்கிறார்கள். குட்டிகள் வலிப்பு வந்தும் மூட்டு வீங்கியும் தொடர்ந்து சாகின்றன என்றால் அது யோசிக்க வேண்டிய வழி. பலன் பண்ணைக்குப் பண்ணை மாறும். ஆனால் ஆளைக் காக்கும் கணக்கில் இதற்கு நான் ஒரு மதிப்பெண்ணும் தரமாட்டேன். செத்த பன்றியை வெட்டாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது எந்த ஊசியையும் விட மேல். நட்டத்தில் கொஞ்சமாவது மீட்கலாம் என்று செத்ததை வெட்டி விற்பது உயிரோடு விளையாடுவது.

சால்மோனெல்லாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பன்றிக்கு வாய்வழி கொடுக்கும் உயிருள்ள தடுப்பு மருந்து ஐரோப்பாவில் உண்டு, கிருமி வெளியேறுவதைக் குறைக்கவும் செய்யும். ஆனால் பன்றி இறைச்சி ஏற்றுமதியில் பெயர் பெற்ற டென்மார்க் 1995-ல் சால்மோனெல்லா திட்டத்தைத் தொடங்கியபோது ஊசியை நம்பவில்லை. பண்ணைகளைச் சோதித்து மூன்று நிலையாகப் பிரித்து, மோசமான நிலையில் உள்ள பண்ணைப் பன்றிகளைத் தனியாக, கூடுதல் சுத்தத்தோடு வெட்டினார்கள். நம் அளவுப் பண்ணைக்கு நல்ல வெட்டும் இடமும் நன்றாக வேகவைத்த கறியுமே போதுமான பதில்.

புருசெல்லாவில் எச்சரிக்கை மட்டும்தான். மாடுகளுக்கான தேசியத் திட்டம் 2019-ல் தொடங்கியது. அதில் கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதில் எஸ்-19 ஊசி போடுகிறார்கள். வீட்டில் மாடும் பன்றியும் இருந்தால், மிச்ச மருந்தைப் பன்றிக்கும் போடலாமா என்று தோன்றலாம். வேண்டவே வேண்டாம். அது பன்றியைக் காக்காது. அதிலிருப்பது உயிருள்ள கிருமி, ஊசி தவறிக் கையில் குத்தினால் ஆளுக்கே நோய் வரும். பன்றியில் புருசெல்லா என்று தெரிந்தால், சோதித்து, தொற்றுள்ளதை மந்தையிலிருந்து நீக்குவதுதான் வழி.

பத்து இருபது தாய்ப்பன்றி வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?

என் யோசனை இது. முதல் செலவு பூட்ஸ், கையுறை, கழிவு டிரம்முக்கு மூடி, தரைச் சாய்வு. இரண்டாவது செலவு லெப்டோ ரத்தப் பரிசோதனை. பன்றி வகை லெப்டோ உறுதியானால், அந்த வகை அடங்கிய ஊசி கிடைக்கும்பட்சத்தில், மூன்றாவது செலவாக இனவிருத்தி மந்தை முழுவதற்கும் ஊசி. இதில் ஆண் பன்றியை விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது. புதிதாக வாங்கும் பெண் பன்றிகளை மந்தையோடு சேர்க்கும் முன் தனியே வைத்து, இணை சேர்ப்பதற்குள் இரண்டு தவணையையும் முடித்துவிட வேண்டும். கிருமி குடியேறும் முன் ஊசி முந்திக்கொள்வது அவற்றில்தான். கூட்டு ஊசி கிடைத்தால் எரிசிபெலஸும் அதிலேயே வந்துவிடும், தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட முடியாது என்று இப்போதே தெரிந்தால் லெப்டோ ஊசியைத் தொடங்காமல் இருப்பது மேல். ஒருமுறை போட்டுவிட்டு "நம்ம பன்றிக்கெல்லாம் ஊசி போட்டாச்சு" என்று பூட்ஸைக் கழற்றிவிடும் பண்ணையில் ஆபத்து முன்பைவிட அதிகம். போடுவதானால் மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருங்கள். ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டி உறைந்துபோன கொன்ற-கிருமி ஊசி பிறகு உருகினாலும் பயன்படாது. ஒரே ஊசி முனையை மந்தை முழுவதற்கும் மாற்றாமல் குத்திக்கொண்டு போவதும் வேண்டாம், நோயைத் தடுக்கப் போய் நாமே பரப்பியதாகிவிடும்.

பண்ணையில் வேலை பார்க்கிறவருக்குக் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் போகும்போது "பன்றிப் பண்ணையில் வேலை செய்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலின் தொடக்கம் எந்த வைரஸ் காய்ச்சலையும் போலத்தான் இருக்கும். இந்தத் தகவல் இல்லாமல் மருத்துவர் அதை நினைக்கக் காரணமில்லை. தொடக்கத்திலேயே டாக்சிசைக்ளினோ பென்சிலினோ கிடைத்தால் பெரும்பாலும் நன்றாகிவிடும். அன்றைய கூலி போய்விடுமே என்று அவர் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாமல் இருக்க, அந்த நாளின் கூலியை முதலாளி கொடுத்துவிட வேண்டும். ஊசிக்கு ஒதுக்கும் பணத்திலேயே இதற்கும் ஒரு பங்கு வையுங்கள்.